இரும்புலியூர் முனையில் உடைத்த பூசணிக்காய்

சாமுண்டீஸ்வரி கொல்லைப்புறத்துத் துவைகல்லில் உட்கார்ந்து புருஷன் சைக்கிள் ரேஸில் வாங்கிய கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஆயுத பூஜை. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடி அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிச் சுத்தம் செய்வது அவள் வேலை. கல்யாணமான புதிதில் ஆர்வக்கோளாறில் புளி போட்டுத் தேய்த்து, ஒரு பெரிய கோப்பையின் வெள்ளி முலாம் மொத்தமும் உரிந்து பித்தளை பல்லிளித்துவிட்டது. அதிலிருந்து விபூதிதான். பழைய பனியன் துணியில் தொட்டு, கன்னத்தைத் துடைப்பது போலத் துடைப்பாள்.

மாமியார் செல்லியம்மாள் பின்வாசல் நிலையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுண்டலுக்குக் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். நடு அறையில் புருஷனுடைய சிநேகிதன் அந்தோணிசாமி ரேஸ் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தில் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். சக்கரத்தை ஒரு சுற்று விடுவான், டிக்டிக்கென்று ஓடி நிற்கும், ஒரு ஸ்போக்கை முடுக்குவான், மறுபடி விடுவான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அஸ்தினாபுரத்திலிருந்து அவன் வந்து இதைச் செய்துவிட்டு, பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக்கொண்டு போவான். கிறிஸ்துமஸுக்கு இவர்கள் அங்கே போய் வருவார்கள்.

"அத்தே, நாளைக்குப் பூசணிக்காயை ரோட்ல ஒடைக்க வேணாம்," என்றாள் சாமுண்டீஸ்வரி. "கேட்டுக்குள்ளயே ஓரமா ஒடைச்சு உடனே வாரிடலாம். போன வருஷம் ஸ்கூட்டர்ல ஒரு பொம்பளை கொழந்தையோட சறுக்கி விழுந்தாளே."

"கேட்டுக்குள்ளயா? ஒடைச்ச கையோட அத்த நீயே மிதிச்சுகினு உள்ள வா. நல்லாக் கீதுடி. கழிச்ச கண்ணு திரும்ப வூட்டுக்கே வரவா? ரோட்லதான் ஒடைக்கணும். உன் புருஷன் இத்தினி கோப்பை வாங்கினானே, எதால வாங்கினான்? காலால மிதிச்சா?"

"வேற எதால மிதிப்பாங்க?"

"பூசணிக்காயாலடி."

சாமுண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சிரி, சிரி. உங்க மாமனாரு இருந்தவரைக்கும் வாயைத் தொறந்தா பல்லை ஒடைப்பேன்னு வச்சிருந்தாரு. அவரும் போயிட்டாரு. இனிமே யாருக்குப் பயந்துகினு நான் வாயை மூடிகினு இருக்கணும்? அன்னிக்கு அந்த பெரிய ரேஸு நடந்துச்சே, அந்தோணி கால் ஒடைஞ்ச ரேஸு, அன்னிக்கு நம்ம தெருமுனையில பூசணிக்காய் ஒடைச்சது நான்தான்."

சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த துணி நின்றது.

"விடியறதுக்கு முன்னாடியே உன் புருஷன் தாம்பரத்துக்குக் கெளம்பிட்டான். சுத்திப்போட நேரமில்ல. ஊரெல்லாம் இதே பேச்சு, சுப்பராயலு மவன்தான் ஜெயிப்பான்னு. எத்தினி கண்ணு! சரி, செங்கல்பட்டு போயிட்டுத் திரும்பறப்ப நம்ம முனையைத் தாண்டித்தானே போவணும்னு, முத்தின பூசணியா எடுத்துகினு போய் நின்னேன். முனையில வேற ஒரு ஆளும் இல்ல. தூரத்துல வராங்க. முன்னாடி இவன். பின்னாடியே ஒட்டிகினு அந்தோணி. வேற ஒருத்தனையும் காணோம். மூணு சுத்து சுத்தி நடுரோட்ல போட்டேன் பாரு, சதக்குனு செதறிச்சு. 'டேய், பூசணிக்கா, பாத்துடா'ன்னு கத்தறேன். பாத்தான். என்னையும் பாத்தான், கீழ கெடந்ததையும் பாத்தான். நான் கையை ஆட்டறேன், இவன் ஹாண்டில்ல இருந்து கையை எடுக்கல. ரெண்டு கையாலயும் கெட்டியாப் புடிச்சிகினு தலையை மட்டும் ஆட்டினான். அப்படியே பாம்பு மாதிரி நெளிஞ்சு போயிட்டான். எம்புள்ள மேல ஒரு தூசி ஒட்டல."

"அந்தோணி அண்ணா?"

"அவன் விழுந்தான். பாவம், நல்ல புள்ள. அவனுக்கு யாரு சுத்திப்போட்டாங்க? பூசணியில வழுக்கலன்னா வேற எதுலயாச்சும் வழுக்கியிருப்பான். கண்ணு அப்படி."

செல்லியம்மாள் முறத்தை ஒரு தட்டு தட்டி, சொத்தைக் கடலை ஒன்றைப் பொறுக்கி எறிந்தாள்.

நடு அறையில் சக்கரம் ஓடி நின்றது. மறுபடி ஓடவில்லை. அந்த அறையின் ஜன்னல் துவைகல்லுக்கு நேர் மேலே இருந்தது. இரண்டு கதவும் திறந்திருந்தன.

சாமுண்டீஸ்வரி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மடியில் கோப்பை, விரலெல்லாம் விபூதி, அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாமியார் பூசணிக்காய் உடைத்தது அவளுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. ஊரில் யார்தான் உடைக்கவில்லை? கையை எடுக்கவில்லை என்றாளே, அங்கேதான் அவள் நின்றுபோனாள்.

சம்பந்தத்தைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் கேட்டுவந்த கதை வேறு.

சம்பந்தத்தின் அப்பா சுப்பராயலுவுக்கு இரும்புலியூரில் நிலம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதெல்லாம் கல் நட்ட மனைகளாக மாறிக்கொண்டிருந்தது. பையன் படிப்பில் சுமார். ஆனால் மாட்டுத்தீவனம் ஏற்றும் கனத்த சைக்கிளில் உட்கார்ந்தால் பல்லவன் பஸ்ஸை முந்துவான். ரயில்வே காலனியில் ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பிய ஓர் ஆங்கிலோ இந்தியரிடமிருந்து சுப்பராயலு அவனுக்கு நிஜமான ரேஸ் சைக்கிள் வாங்கிக்கொடுத்தார். ஒரு கையால் தூக்கிவிடலாம். டயரைக் கோந்து போட்டு ரிம்மில் ஒட்ட வேண்டும். வாங்கிய அன்றே பையன் கால் முடியை மழித்துக்கொண்டு வந்து நின்றான். விழுந்தால் காயத்தில் முடி ஒட்டாது என்றான். "பொம்பளப் புள்ள மாதிரி இன்னாடா இது கண்றாவி?" என்று செல்லியம்மாள் மூன்று நாள் அவனைப் பார்க்காமலே சோறு போட்டாள்.

அந்தோணிசாமி சைக்கிள் ஓட்டப் போன இடத்தில்தான் பழக்கம். தச்சுவேலை செய்யும் சுவிசேஷமுத்துவின் மகன். கடனாக வாங்கிய சைக்கிளில் ஓட்டுவான். விடியற்காலையில் இரண்டு பேரும் வண்டலூர், கூடுவாஞ்சேரி தாண்டிச் செங்கல்பட்டு வரை போய் வருவார்கள். முன்னால் ஒருவன் போய்க் காற்றை உடைப்பான். பின்னால் வருகிறவன் அவன் சக்கரத்தை ஒட்டினாற்போல் வந்து களைப்பாறுவான். பிறகு மாற்றிக்கொள்வார்கள். அப்படி ஒட்டி வருகிறவனுக்கு ரோடு தெரியாது. முன்னால் போகிறவனின் முதுகும் பின்சக்கரமும்தான் தெரியும். பள்ளமோ கல்லோ செத்த நாயோ கிடந்தால் முன்னால் போகிறவன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை இறக்கிக் காட்ட வேண்டும். அது எந்தப் பக்கம் என்று கை சொல்லும். போட்டியிலும் அப்படித்தான். எதிரியாக இருந்தாலும் காட்ட வேண்டும். காட்டாதவன் சக்கரத்துக்குப் பின்னால் அப்புறம் எவனும் வரமாட்டான். கல்யாணமான புதிதில் ஸ்கூட்டரில் போகும்போதுகூடச் சம்பந்தம் பள்ளத்தைப் பார்த்தால் தன்னையறியாமல் கையை இறக்குவான். பின்னால் உட்கார்ந்திருக்கும் சாமுண்டீஸ்வரி, "யாருக்குக் காட்டறீங்க?" என்று கேலி செய்வாள்.

தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் ரேஸ் அது. முதலில் வருகிற ஒருவனுக்குத்தான் இடம். பெருங்களத்தூர் தாண்டி மற்றவர்கள் பின்தங்கிவிட, இவர்கள் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். இரும்புலியூர் முனையில் அந்தோணிசாமியின் சக்கரம் பூசணிச் சதையில் ஏறிச் சறுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிட்டது.

எவனோ பூசணிக்காயை உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று ஊரே திட்டியது. சுப்பராயலுவும் கூடச் சேர்ந்து திட்டினாராம்.

தேசியப் போட்டிக்குச் சம்பந்தம் போனான். வடக்கே ஏதோ ஊரில், சரிவான சிமெண்ட் கிண்ணம் மாதிரி ஒரு மைதானம். அதற்குத் தனிச் சைக்கிள், பிரேக் கிடையாது, பெடலை நிறுத்தவும் முடியாது. முதல் தடவை சரிவின் உச்சியில் ஏறியபோது வயிறு கலங்கிவிட்டது என்று சொல்லுவான். அங்கேயும் ஜெயித்தான், ரோட்டிலும் ஜெயித்தான். ரயில்வேயில் வேலை கொடுத்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் பதக்கம் பதக்கமாக வந்தது. பள்ளிக்கரணையிலிருந்து அவளுக்கு வரன் பார்த்தபோது தரகர் முதலில் காட்டியது ஜாதகம் இல்லை, பேப்பரில் வந்த படம். அந்த ரேஸில், தாம்பரத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது எடுத்தது. சம்பந்தம் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கியிருப்பான். அந்தப் படம் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நடு அறையில் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழேதான் இப்போது அந்தோணிசாமி உட்கார்ந்திருக்கிறான்.

கம்பி வைத்த காலோடு அந்தோணிசாமி முதலில் நடந்து வந்தது இந்த வீட்டுக்குத்தான். "என்னால ஓட்ட முடியாது. உன் வண்டியை நான் பாத்துக்கறேன்," என்றானாம். குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை. லீவு போட்டுச் சம்பந்தத்தோடு ஊர் ஊராகப் போனான். இரண்டாம் வகுப்புக் கம்பார்ட்மெண்டில் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவான். டயர் ஒட்டுவது அவன்தான். இன்னொருவன் ஒட்டிய டயரில் சம்பந்தம் ஏறமாட்டான்.

எங்கே பாராட்டு விழா நடந்தாலும், புதிதாக ஓட்ட வரும் பிள்ளைகளிடமும், ஏன், இவள் கல்யாணமாகி வந்த மறுவாரமே விருந்து சாப்பிட்டுக் கைகழுவும்போதுகூட, அந்தோணிசாமி அதைத்தான் சொன்னான்:

"உங்க வீட்டுக்காரர் கை காட்டினாரும்மா. நான்தான் தலையைக் குனிஞ்சுகிட்டு மிதிச்சேன், பாக்கல. தப்பு என்னுதுதான். பின்னாடி வர்றவன் கண்ணை எடுக்கக்கூடாது."

அப்போதெல்லாம் சம்பந்தம் பேசமாட்டான். வாட்ச் பட்டையைக் கழற்றி மாட்டுவான். இல்லாவிட்டால், "வுடுடா, அதையே பேசிகிட்டு," என்று எழுந்து தண்ணி குடிக்கப் போவான். தன்னடக்கம் என்று நினைத்திருந்தாள் சாமுண்டீஸ்வரி. பிறந்த வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இத்தனை ஜெயிச்ச மனுஷன், சிநேகிதன் விழுந்த பேச்சு வந்தா அங்க ஒக்கார மாட்டாரு, அவ்வளவு இளகின மனசு என்று.

இப்போது அந்த வாட்ச் பட்டை ஒவ்வொரு தடவையும் கழன்றது அவள் கண்முன் வந்தது.

"இன்னாடி, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்துட்ட?" என்றாள் செல்லியம்மாள்.

"அத்தே, மெதுவாப் பேசுங்க."

"ஏன்? இப்ப போலீஸா வரப்போவுது?"

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். உள்ளே போய்க் காப்பி கலந்தாள். சர்க்கரை போட்டோமா இல்லையா என்று நினைவில்லை. மறுபடி ஒரு ஸ்பூன் போட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு நடு அறை வாசலில் நின்றாள்.

அந்தோணிசாமி தரையில், குட்டைக் காலை ஒருபக்கமாக ஒதுக்கி உட்கார்ந்திருந்தான். ஸ்போக் சாவி விரலிடையில் இருந்தது. சைக்கிளைப் பார்க்கவில்லை. ஜன்னலையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு உப்பியிருந்த ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்துப் பயந்திருந்தாள். அதெல்லாம் இல்லை. முகம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அண்ணா, காப்பி."

"வேணாம்மா."

"அத்தைக்கு வயசாயிடுச்சு அண்ணா. ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க. நேத்து என்ன சாப்பிட்டோம்னே மறந்துடறாங்க."

"அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது தங்கச்சி," என்றான் அவன். "நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தெனமும் கஞ்சி கொண்டாந்தாங்க. எங்கம்மா எங்கப்பாவுக்குச் சோறாக்கணுமேன்னு மத்தியானம் வீட்டுக்குப் போயிடும். இவங்கதான் ஒக்காந்திருப்பாங்க. பூசணிக்காய் இவங்கதான் போட்டாங்கன்னு அன்னிக்கே சொல்லியிருந்தாக்கூட நான் சிரிச்சிருப்பேன்."

டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தையல் மெஷின்மேல் வைத்தாள்.

"நான் என் பொண்டாட்டிகிட்டகூட என் தப்புன்னுதான் சொல்லிவச்சிருக்கேன்," என்றான். "அமலராணி கேப்பா, எப்படிய்யா பாக்காம போனேன்னு. தெரியலடின்னு சொல்லுவேன். படுத்துக்கிட்டு யோசிப்பேன். அந்தக் கை எப்படி இருந்திருக்கும்? இடதா, வலதா? நான் எப்படிப் பாக்காம வுட்டேன்? கண்ணை மூடினா கைகூடத் தெரியும் எனக்கு. கீழே இறங்கும், விரல் நீட்டும். நானே ஒண்ணை உண்டாக்கி வச்சிருக்கேன், பாரேன்."

சாமுண்டீஸ்வரி, அவர் வந்ததும் கேட்டுக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். கேட்டால் என்ன சொல்வாரோ என்று நினைத்ததுமே வாய் மூடிக்கொண்டது. இந்த வீடு, ரயில்வே வேலை, பூஜைக்குப் பூஜை இறக்கித் துடைக்கும் கோப்பைகள், ஏன், தானேகூட அந்த முனையில் எடுக்காத கைக்குப் பின்னால்தான் வந்தோம் என்பது மாதிரி ஒரு நினைப்பு வந்து அவளை உலுக்கியது. ச்சே, அப்படியெல்லாம் இல்லை என்று அதைத் தள்ளிவிட்டாள். அது போகவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

சம்பந்தம் சத்தமாகத்தான் வருவான். "யாரும் இல்லையா? இந்த வாழைக்கன்னை வாங்குங்கப்பா. மார்க்கெட்ல கால் வைக்க முடியல. பூசணிக்காய் வெலை கேட்டா மனுஷனுக்கே திருஷ்டி பட்டுடும்." தடித்துப்போயிருந்தான். ஓட்டுவதை நிறுத்திய நான்கைந்து வருஷத்தில் தொப்பை விழுந்திருந்தது. இரண்டு கையாலும் ஒரு பெரிய பூசணிக்காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அந்தோணிசாமியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா மச்சான்? வண்டி எப்படி கீது? இன்னும் ஒரு ரவுண்டு போலாமா செங்கல்பட்டுக்கு? நீ முன்னாடி, நான் பின்னாடி. தொப்பைக்குக் காத்து உடைக்கிற வேலை உன்னுது."

யாரும் சிரிக்கவில்லை. சம்பந்தம் அவனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். தையல் மெஷின்மேல் ஆடை படிந்துகொண்டிருந்த காப்பியைப் பார்த்தான்.

"இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

அந்தோணிசாமி சுவரைப் பிடித்து எழுந்தான். கம்பி வைத்த காலுக்கு எப்போதும் ஒரு நொடி அதிகமாகத் தேவைப்படும். எழுந்து நின்று, ஸ்போக் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தான்.

"அம்மா சொன்னாங்க. அன்னிக்கு முனையில அவங்க நின்னாங்களாம். பூசணிக்காய் அவங்க போட்டதாம்."

சம்பந்தத்தின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைச் சாமுண்டீஸ்வரி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. அவளுக்குக் கிடைக்க வேண்டிய பதில் அப்போதே கிடைத்துவிட்டது.

"அது... அப்பா சொன்னாருடா, வெளிய தெரிஞ்சா அம்மாவைப் போலீஸ்ல—"

"அம்மாவை நான் கேக்கல. ரேஸையும் கேக்கல. நீ என்னைவிட வேகம், எப்படியும் நீதான் ஜெயிச்சிருப்பே. இதை எத்தினி மேடையில சொல்லியிருக்கேன்." அந்தோணிசாமியின் குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரனை எழுப்பாமல் பேசுவது போலப் பேசினான். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. கை காட்டினியா?"

பூசணிக்காய் சம்பந்தத்தின் கைகளுக்குள் கொஞ்சம் நழுவியது. இன்னும் இறுக்கிப் பிடித்தான். உதடு ஒருதரம் திறந்தது.

"டேய் சம்பந்தம்!" கொல்லையிலிருந்து செல்லியம்மாள் குரல் கொடுத்தாள். "முத்தினதாப் பாத்து வாங்கினியா? பிஞ்சா இருந்தா செதறாதுடா!"

சம்பந்தம் இரண்டு கையையும் பூசணிக்காயிலிருந்து எடுக்கவில்லை.

அந்தோணிசாமி நின்றான். சிக்னலில் ரயில் நிற்கும்போது பயணிகள் எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி சம்பந்தத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, சைக்கிள் கீழே விழுந்துவிடாமல் ஒரு கையால் தள்ளிச் சரியாக நிறுத்தினான். எண்ணெய்க் கறையை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துத் தோளில் போட்டான். சாமுண்டீஸ்வரி வழிவிட்டு ஒதுங்கினாள். நிலைப்படியில் குட்டைக் காலை முதலில் வைத்து, மற்றக் காலைத் தூக்கி வைத்து, வெளியே போனான்.